நான்கு எழுத்துகளில் எழுதப்பட்ட இரத்தம்: திருமணத்துக்கு முன் ஒரு பரிசோதனை ஏன்?

கூடலூரிலிருந்து நிலம்பூர் போகும் சாலையில், மலை இறங்கத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது நாடுகாணி. இங்கிருந்து பார்த்தால் கீழே கேரளச் சமவெளி விரிந்து கிடப்பது தெரியும். நாட்டைக் காணும் இடம் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே வனத்துறையின் 'ஜீன் பூல்' தோட்டம் இங்கே உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அரிய செடி கொடிகள் அழிந்துவிடாமல் காப்பதற்கான இடம் அது.

ஜீன் என்றால் மரபணு. அந்தத் தோட்டம் செடிகளின் மரபணுக்களைக் காக்கிறது. அதே மலைச்சரிவில் வாழும் மனிதர்களின் இரத்தத்திலும் உலகம் கவனித்த ஒரு மரபணுக் கதை இருக்கிறது. 1952ஆம் ஆண்டு ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து, அதில் சிக்கிள் செல் என்னும் அரிவாள் வடிவ அணுக்களைக் கண்டறிந்து 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார்கள். அதுவரை ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு வரும் நோய் என்றே அது பெரும்பாலும் கருதப்பட்டது. அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அது இருப்பது வெளியானது.

இந்த நோய் உள்ளவர்களின் சிவப்பணுக்கள் வட்டமாக இல்லாமல் அரிவாள் போல் வளைந்துவிடும். வளைந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கும். தாங்க முடியாத மூட்டு வலி, இரத்தசோகை, அடிக்கடி காய்ச்சல் என்று வாழ்நாள் முழுவதும் தொல்லை கொடுக்கும். பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களுக்கு இது புத்தகத்தில் படிக்கும் நோயல்ல. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பல்லாண்டுகளாக இந்த நோயாளிகளைக் கவனித்து வருகிறது.

"மலைவாழ் மக்களின் நோய்தானே, நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். இதே மரபணுவில் வேறு இடத்தில் ஏற்படும் பிழைதான் பீட்டா தலசீமியா. அது எந்தச் சமுதாயத்தையும் விட்டுவைப்பதில்லை. இந்த இரண்டையும் புரிந்துகொள்ள, மரபணு என்னும் எழுத்துவரிசையைக் கணினி எப்படிப் படிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது உதவும்.

ஓர் எழுத்து மாறினால்

நம் உடலின் பெரும்பாலான செல்களில் உள்ள டிஎன்ஏ, நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட நீண்ட ஏடு. அந்த எழுத்துகள் ஏ, டி, ஜி, சி. தாய் வழியாக ஒரு பிரதி, தந்தை வழியாக ஒரு பிரதி என நமக்கு இரண்டு பிரதிகள் கிடைக்கின்றன. ஒரு பிரதியில் சுமார் 310 கோடி எழுத்துகள் உண்டு. இடைவெளி, முற்றுப்புள்ளி, பத்தி எதுவும் கிடையாது.

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் 'பீட்டா குளோபின்' மரபணு, 11ஆவது குரோமோசோமில் உள்ளது. அதன் நீளம் சுமார் 1600 எழுத்துகள்தான். அதில் ஜி-ஏ-ஜி என்று வர வேண்டிய ஓர் இடத்தில் ஜி-டி-ஜி என்று வந்துவிட்டால் அதுவே சிக்கிள் செல். 310 கோடியில் ஒரே ஓர் எழுத்து.

இந்த ஓர் எழுத்தை மருத்துவர்கள் கண்டுபிடித்த ஒரு விதம் சுவையானது. சில பாக்டீரியாக்களில் டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் உண்டு. அவை கண்ட இடத்தில் வெட்டாது. ஒவ்வொன்றும் தனக்குரிய எழுத்துக் கோர்வையைக் கண்டால்தான் வெட்டும். எம்எஸ்டி-2 என்ற நொதி தேடும் கோர்வை: சி-சி-டி, பிறகு எந்த எழுத்தானாலும் ஒன்று, பிறகு ஏ-ஜி-ஜி. சரியான பீட்டா குளோபின் மரபணுவில் இந்தக் கோர்வை இருக்கிறது, நொதி வெட்டுகிறது. சிக்கிள் செல் மரபணுவில் ஏ இருந்த இடத்தில் டி வந்துவிட்டதால் நொதி வெட்டாமல் தாண்டிப் போகிறது. துண்டுகளின் நீளத்தைப் பார்த்தே நோய் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். 1980களின் தொடக்கத்தில், கருவில் இருக்கும் குழந்தைக்கே இந்த முறையில் சோதனை செய்ய முடிந்தது.

இங்கே தேட வேண்டிய கோர்வை என்ன என்பது முன்பே தெரியும். தெரிந்ததைத் தேடுவது எளிது. என்ன தேடுகிறோம் என்றே தெரியாமல், 310 கோடி எழுத்துகளுக்குள் பொருளுள்ள கோர்வைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த வேலையைத்தான் கணினி செய்கிறது. இப்படித் திரும்பத் திரும்ப வரும் சிறு கோர்வைக்கு 'மோட்டிஃப்' என்று பெயர்.

ஊர்ப் பெயர்களில் ஒரு பயிற்சி

தமிழே தெரியாத ஒருவரிடம் இந்த ஊர்ப் பெயர்களைக் கொடுப்போம்: காயல்பட்டினம், அதிராம்பட்டினம், நாகப்பட்டினம், தேவிப்பட்டினம், கோட்டைப்பட்டினம், குலசேகரன்பட்டினம். 'பட்டினம்' என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஒரே கோர்வை எல்லாப் பெயர்களிலும் வருவதைக் கண்டுவிடுவார். பிறகு வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் எல்லாமே கடற்கரை ஊர்கள். "இந்தக் கோர்வைக்கும் கடலுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது" என்று, ஒரு சொல் தமிழ் தெரியாமலே அவரால் சொல்லிவிட முடியும்.

இதில் மூன்று சிக்கல்கள் வரும்.

முதலாவது, எழுத்து மாற்றம். சிலர் 'பட்டினம்' என்று எழுதுவார்கள், சிலர் 'பட்டணம்' என்பார்கள். அதனால் அப்படியே ஒத்துப்போகும் சொல்லைத் தேடினால் பாதி தப்பிவிடும். அதற்குப் பதில் ஓர் அட்டவணை போட வேண்டும்: முதல் எழுத்து எப்போதும் ப, இரண்டாவது எப்போதும் ட், மூன்றாவது பெரும்பாலும் டி, சிலபோது ட, நான்காவது ன அல்லது ண, கடைசி எப்போதும் ம். எந்த இடம் கண்டிப்பானது, எந்த இடம் தளர்வானது என்பது இந்த அட்டவணையில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, சாதாரண எழுத்துகள். 'ம்' எல்லாப் பெயரிலும் வருகிறதே என்று அதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்ல முடியாது. விழுப்புரம், சேலம், தாம்பரம், மேலப்பாளையம் எல்லாவற்றிலும் 'ம்' உண்டு. ஒரு கோர்வை வழக்கமாக வரக்கூடிய அளவைவிட அதிகமாக வந்தால்தான் அதற்கு மதிப்பு.

மூன்றாவது, போலிகள். ஆண்டிப்பட்டி, உசிலம்பட்டி ஆகியவற்றிலும் 'பட்டி' வருகிறது. அவசரப்படுகிறவர் அவற்றையும் கடற்கரைக் கணக்கில் சேர்த்துவிடுவார். இந்த மூன்றாவது சிக்கலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலசீமியாவில் இதுவே திரும்ப வரும்.

கணினி எப்படித் தேடுகிறது?

ஒரே வேலையைச் செய்யும் 20 மரபணுக்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் உள்ள 500 எழுத்துகளில் எங்கோ எட்டெழுத்துக் கோர்வை ஒன்று ஒளிந்திருக்கிறது. எது, எங்கே என்று தெரியாது. ஒவ்வொரு வரிசையிலும் அது தொடங்கக்கூடிய இடங்கள் 493. இருபதையும் சேர்த்துப் பார்த்தால் வரும் சேர்க்கைகளின் எண்ணிக்கை 54 இலக்கங்கள் கொண்டது. எவ்வளவு வேகமான கணினியானாலும் ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க முடியாது.

அதனால் கணினி ஒரு குறுக்கு வழியில் போகிறது. முதலில் ஒவ்வொரு வரிசையிலும் கண்ணை மூடிக்கொண்டு ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, மேலே சொன்ன மாதிரி ஓர் அட்டவணை போடுகிறது. முதல் அட்டவணை பெரும்பாலும் அர்த்தமில்லாததாகவே இருக்கும். பிறகு ஒரே ஒரு வரிசையை வெளியே எடுத்து, மற்ற 19 சேர்ந்து தந்த அட்டவணைக்கு அதில் எந்த இடம் நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்து இடத்தை மாற்றுகிறது. அடுத்து இன்னொரு வரிசை. இப்படி ஆயிரக்கணக்கான முறை சுற்றும்போது, தற்செயலாக இரண்டு மூன்று வரிசைகள் சரியான இடத்தில் விழுந்துவிட்டால், அவை மற்றவற்றையும் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். குழப்பத்திலிருந்து கோர்வை தெளிவாக வெளிவரும்.

இந்த முறையைச் சார்லஸ் லாரன்ஸும் அவருடைய குழுவினரும் 1993ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் விளக்கினார்கள். மறு ஆண்டு டிமதி பெய்லி, சார்லஸ் எல்கன் இருவரும் இதே வேலையை வேறு கணித வழியில் செய்யும் 'மீம்' என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அது பயன்படுகிறது.

ஆனால் கணினி கண்டதெல்லாம் உண்மையாகிவிடாது. நான்கு எழுத்துகளை வைத்து ஆறெழுத்துக் கோர்வைகள் 4096 எழுதலாம். ஆகவே எந்த ஆறெழுத்துக் கோர்வையும், எந்தப் பொருளும் இல்லாமலே, 310 கோடி எழுத்துகளில் சுமார் ஏழரை லட்சம் இடங்களில் தற்செயலாக வந்துவிடும். எனவே கணினி தருவது குறிப்பு மட்டுமே. அதை ஆய்வுக்கூடச் சோதனையும் நோயாளிகளின் அனுபவமும் உறுதிசெய்ய வேண்டும்.

தலசீமியா: வெட்டும் குறி அழிந்தால்

1977ஆம் ஆண்டு பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஒரு வியப்பான உண்மையைக் கண்டுபிடித்தன. மரபணு ஒரே தொடராக எழுதப்பட்டிருக்கவில்லை. நடுநடுவே வெட்டி நீக்கப்பட வேண்டிய துண்டுகள் இருந்தன. இவற்றுக்கு இன்ட்ரான் என்று பெயர். செல் முதலில் முழுவதையும் பிரதி எடுத்து, இந்தத் துண்டுகளை வெட்டி எறிந்து, மீதியை ஒட்டிய பிறகே பயன்படுத்துகிறது. 1993ஆம் ஆண்டு அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எங்கே வெட்ட வேண்டும் என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? கிடைத்த சில மரபணுக்களை வரிசையாக அடுக்கிப் பார்த்ததில் 1978ஆம் ஆண்டிலேயே விடை தெரிந்தது. இன்ட்ரான்கள் ஏறக்குறைய எல்லாமே ஜி-டி என்று தொடங்கி ஏ-ஜி என்று முடிகின்றன. பின்னர் ஏராளமான இன்ட்ரான்களைக் கணினியில் அடுக்கியபோது அட்டவணை இன்னும் தெளிவானது. தொடக்கத்தில் வரும் ஜி-டி கண்டிப்பானது. ஐந்தாவது இடத்தில் பெரும்பாலும் ஜி வர வேண்டும்.

பீட்டா குளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரான் 130 எழுத்துகள் கொண்டது. அது ஜி-டி-டி-ஜி-ஜி-டி என்று தொடங்குகிறது. ஐந்தாவது இடத்தில் ஜி சரியாக இருக்கிறது. அந்த ஜி மாறி சி ஆகிவிட்டால்? செல்லின் வெட்டும் கருவிக்கு உண்மையான குறி மங்கலாகத் தெரிகிறது. பக்கத்தில் அதைப் போலவே தோற்றம் தரும் வேறொரு ஜி-டியில் வெட்டிவிடுகிறது. காயல்பட்டினம் போக வேண்டியவர் உசிலம்பட்டியில் இறங்கிவிட்டது போலத்தான். தவறாக வெட்டப்பட்ட பிரதியிலிருந்து சரியான குளோபின் உருவாகாது.

ஆய்வறிக்கைகளில் 'ஐவிஎஸ் 1-5' என்று குறிக்கப்படும் இந்த மாற்றம்தான் இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிகப் பெரிய காரணம். இந்தியாவில் காணப்படும் பீட்டா தலசீமியா மரபணுக்களில் பாதிக்கும் மேல் இந்த ஒரே பிழை உடையவை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வந்துவிட்டால் குழந்தைக்குத் தலசீமியா மேஜர். முதல் இரண்டு வயதுக்குள்ளேயே வெளிறிப்போய், வாழ்நாள் முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய நிலை வரும். ஏற்றும் இரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்தும் வேண்டும். ஒரு குடும்பத்தின் பொருளாதாரத்தையும் நிம்மதியையும் இது எப்படிக் குலைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நீலகிரியும் சவூதியும்

வளைகுடாவில் வேலை செய்யும் நம்மவர்கள் பலருக்கும் தம்மாம், கதீஃப், அல்-ஹஸா பகுதிகள் தெரிந்திருக்கும். சவூதி அரேபியாவின் அந்தக் கிழக்குப் பகுதியிலும் சிக்கிள் செல் அதிகம். 1980களில் ஆய்வாளர்கள் பீட்டா குளோபின் மரபணுவைச் சுற்றியுள்ள எழுத்துக் குறிகளை வரிசையாகப் பார்த்தார்கள். கிழக்குச் சவூதியில் கண்ட அதே அடையாள வரிசை, நீலகிரி உட்பட இந்தியப் பழங்குடியினரிடமும் இருந்தது. ஆப்பிரிக்காவில் கண்ட வரிசைகள் வேறு. இதனால் இதற்கு 'அரபு-இந்திய' வகை என்றே பெயர் வந்துவிட்டது. கடலுக்கு இருபுறமும் உள்ள மக்களை ஓர் எழுத்து வரிசை இணைக்கிறது.

இந்த வகையில் ஓர் ஆறுதலும் உண்டு. குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது உருவாகும் கருக்கால ஹீமோகுளோபின், பிறந்த பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். அரபு-இந்திய வகையினருக்கு அது சற்று அதிகமாகத் தொடர்கிறது. அதனால் பலருக்கு நோயின் கடுமை குறைகிறது, எல்லோருக்கும் அல்ல.

தேடல் மருந்தான கதை

கருக்கால ஹீமோகுளோபின் நின்றுவிடாமல் செய்ய முடிந்தால் சிக்கிள் செல், தலசீமியா இரண்டுக்குமே தீர்வு கிடைக்கும் அல்லவா? அதை நிறுத்தும் பூட்டு எது என்று தேடினார்கள். பிசிஎல்11ஏ என்ற புரதம்தான் அந்தப் பூட்டு என்று 2008ஆம் ஆண்டு விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் ஆகியோரின் ஆய்வு காட்டியது. அது டிஎன்ஏவில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது 2018ஆம் ஆண்டு தெளிவானது. டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற ஆறெழுத்துக் கோர்வைதான் அதன் இடம். கருக்கால ஹீமோகுளோபின் மரபணுவுக்குச் சுமார் 115 எழுத்துகள் முன்னால் அது இருக்கிறது.

தற்செயலாகவே லட்சக்கணக்கான இடங்களில் வரக்கூடிய ஆறெழுத்து இது. இந்த இடம்தான் என்று எப்படி நம்புவது? அந்த இடத்தில் எழுத்து மாறிப் பிறந்த சிலரை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். அவர்களுக்கு வளர்ந்த பிறகும் கருக்கால ஹீமோகுளோபின் குறையவில்லை. கணினியின் குறிப்பும் மனிதர்களின் இரத்தமும் ஒரே சாட்சி சொன்னதால் சந்தேகம் தீர்ந்தது.

பிசிஎல்11ஏ மரபணுவை இரத்தம் உருவாக்கும் செல்களில் இயக்கும் ஒரு பகுதி உண்டு. அங்கும் ஒரு சிறு மோட்டிஃப் இருக்கிறது. அதை மட்டும் வெட்டிச் சிதைத்து, பூட்டைத் தளர்த்தும் 'காஸ்ஜெவி' என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. ஆனால் அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர், அதாவது 18 கோடி ரூபாய்க்கும் மேல். நாடுகாணியின் தோட்டத் தொழிலாளிக்கோ நம் ஊர்ச் சிறு வியாபாரிக்கோ எட்டாத தொலைவு. நம் கைக்கு எட்டுவது தடுப்புதான். அதற்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஓராயிரம், ஈராயிரம் ரூபாய்வரை ஆகும் ஓர் இரத்தப் பரிசோதனை போதும்.

நாம் செய்ய வேண்டியது

பிழையான பிரதி ஒன்றும் சரியான பிரதி ஒன்றும் உள்ளவரை 'கேரியர்' என்பார்கள். அவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இருக்காது. தாம் கேரியர் என்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுவார். இரண்டு கேரியர்கள் மணந்துகொண்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தை நலமாக இருந்தாலும் அடுத்த குழந்தைக்கும் அதே நான்கில் ஒன்றுதான்.

இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் பீட்டா தலசீமியா கேரியர்கள் என்று கணக்கிடப்படுகிறது. ஆனால் மாமன் மகள், மாமி மகன், சாச்சா மகள் என்று சொந்தத்துக்குள் பெண் கொடுத்து எடுக்கும்போது கணக்கு மாறுகிறது. ஒருவர் கேரியராக இருந்தால், அவருடைய மாமன் மகளுக்கும் அதே பிழை இருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இருவருக்கும் ஒரே பாட்டன் பாட்டி என்பதே காரணம். சொந்தத்தில் முடிப்பது கூடாது என்பதல்ல இதன் பொருள். முடிப்பதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான்.

பரிசோதனை எளிது. முதலில் சாதாரண இரத்த அணுக்கள் எண்ணிக்கைச் சோதனை. அதில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடச் சிறியவையாக இருந்தால் சந்தேகம் வரும். இரும்புச்சத்துக் குறைவிலும் அப்படித் தெரியும் என்பதால், கேரியர்கள் பலர் காரணம் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்து 'ஹெச்பிஎல்சி' என்ற ஹீமோகுளோபின் பரிசோதனை செய்ய வேண்டும். அதில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு கூடியிருந்தால் தலசீமியா கேரியர் என்று தெரியும். சிக்கிள் செல்லும் அதே சோதனையில் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பதை மரபணுச் சோதனையில் உறுதிசெய்யலாம்.

சவூதி அரேபியாவில் 2004ஆம் ஆண்டிலிருந்து திருமணத்துக்கு முன் சிக்கிள் செல், தலசீமியா பரிசோதனை கட்டாயம். ஈரானில் 1990களிலேயே தலசீமியாவுக்கு இத்தகைய ஏற்பாடு வந்துவிட்டது. நம் நாட்டில் 2047ஆம் ஆண்டுக்குள் சிக்கிள் செல் நோயை ஒழிக்கும் தேசியத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டு, பழங்குடிப் பகுதிகளில் இலவசமாகப் பரிசோதனை நடக்கிறது.

நிக்காஹ் பேச்சின்போது மஹர், மண்டபம், விருந்து எல்லாவற்றையும் பேசுகிறோம். இரண்டு தரப்பும் இந்த ஒரு சோதனையையும் பேசிவிடலாம். பெண் வீட்டார் கேட்டாலும் மாப்பிள்ளை வீட்டார் கேட்டாலும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நிச்சயம் முடிந்து ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு முடிவு வந்தால் மனவருத்தம்தான் மிஞ்சும். எனவே பேச்சு தொடங்கும்போதே, அல்லது கல்லூரிப் படிப்பு முடியும் வயதிலேயே பிள்ளைகளுக்குச் செய்து வைப்பது நல்லது. ஜமாஅத்துகள் திருமணப் பதிவின்போது இதை நினைவூட்டினால் பல வீடுகளுக்கு உதவியாக இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கேரியர் என்பது நோயோ அவமானமோ அல்ல. மலேரியா பரவிய பகுதிகளில் இந்த மாற்றங்கள் நிலைத்ததற்குக் காரணமே, கேரியர்களுக்கு மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைத்ததுதான். முன்னோரைக் காத்த அதே எழுத்து, இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து வரும்போது குழந்தையை வதைக்கிறது. அந்த எழுத்து நம்மிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள, கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு இரத்தம் போதும்.